பொருள்விளங்கா உருண்டை

கை கழுவப் போனதுதான் தப்பாகப் போயிற்று. போகாமலும் இருக்க முடியாது. ஊர்ப்பட்ட பேர் விரலை விட்ட சந்தனக் கிண்ணத்தில் செண்பகமும் விரலை விட்டாயிற்று. விட்டவர்களில் யார் அதற்கு முன்னால் அதிரசத்தைத் தொட்டார்கள், யார் நெய்யைத் தொட்டார்கள் என்று யாரைப் போய்க் கேட்பது. அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்கினால் அன்றைய பொழுது அதோடு முடிந்தது. அதனால் போனாள். கைப்பையிலிருந்து சொந்த சோப்பை எடுத்து, குழாயடியில் நின்ற ஒருத்தி "சோப்பு கூடவா வூட்ல இருந்து எத்தினு வருவாங்க?" என்று சிரித்ததைக் காதில் வாங்காமல், நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து பார்த்தால், ஜமக்காளத்தில் உட்கார வைத்த இடத்திலேயே ஆதிரை உட்கார்ந்திருக்கிறாள். நகராதே என்றால் நகராத பிள்ளை. நாலு வயது முடிந்து ஐந்து நடக்கிறது, இதுவரை ஒரு தட்டை உடைத்ததில்லை, ஒரு கடையில் அழுது புரண்டதில்லை. ஆனால் கையில் பழுப்பாக ஓர் உருண்டை இருந்தது. வாயோரத்தில் பொடி. பக்கத்தில், அவளுக்கென்று விடியலில் எழுந்து செய்து சென்னையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாதம் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

செண்பகம் கத்தவில்லை. கத்தக் கூடாது என்று தன்னைப் பழக்கி வைத்திருந்தாள், கத்தினால் பிள்ளை திடுக்கிட்டு வாயில் இருப்பதை விழுங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, கையை நீட்டி, உருண்டையை ஒரு காகிதத்தில் வாங்கி, காகிதத்தை ஒரு கவரில் போட்டு, கவரைப் பையில் வைத்தாள். டாக்டர் கேட்பார். "துப்புடா தங்கம், எல்லாத்தையும் துப்பு." ஆதிரை உள்ளங்கையில் துப்பினாள், துப்புவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வாயைக் கொப்பளிக்க வைத்து, உதட்டைத் துடைத்து, விரலைத் துடைத்து, "யாரு குடுத்தா?" என்றாள். ஆதிரை கை காட்டிய இடத்தில் மாம்பழ நிறப் பட்டுப் புடவை ஒன்று தாம்பூலப் பைகளை எண்ணிக்கொண்டிருந்தது. அம்சவேணி. இன்றைய வளைகாப்பு செண்பகத்தின் நாத்தனார் பூங்காவனத்தின் மகளுக்கு. அந்தப் பூங்காவனத்தின் ஓரகத்திதான் அம்சவேணி. திண்டிவனத்தில் இந்தச் சின்ன மண்டபத்தைப் பிடித்து, வளையல் அடுக்கி, ஏழு வகை சாதம் போட்டு எல்லாம் முடிந்து, பாதிப் பேர் கிளம்பியும் ஆயிற்று. கிளம்ப வேண்டியவர்களில் செண்பகமும் ஒருத்திதான். அவள் புருஷன் தணிகைவேல் பெரியப்பாவை பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனான், போனவனைக் காணோம். "அக்கா," என்றாள் செண்பகம், முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, "அந்த உருண்டைல என்னென்ன போட்டிருக்கீங்க?" அம்சவேணி குலுங்கிச் சிரித்தாள். "பேரே பொருள்விளங்கா உருண்டை! அதுல போயி இன்னா பொருள் போட்டன்னு கேக்கறியே!" சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்த வீட்டு வேடிக்கைகளுக்கு செண்பகமும் சிரித்துத்தான் வைப்பாள், இப்போது முடியவில்லை. "இல்லக்கா, பாலு, நெய்யி?" "பாகுலயே புடிக்கறது, நெய்யி எதுக்கு?" "எள்ளு?" "நல்ல காரியத்துல எள்ள போடுவாங்களா? இன்னாம்மா நீ!" "முந்திரி?" "ஆமா, நான் கண்ட முந்திரி." "கடலை?" "கடலையா? கடலைலாம் போட மாட்டேன்மா. பச்சப்பயறு, புயுங்கரிசி, சுக்கு, ஏலக்கா..." என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தவளை வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், வண்டி வந்துவிட்டதாம், அண்டாவை ஏற்ற வேண்டுமாம், மடக்கிய விரலோடு அவள் ஓடினாள்.

கடலை போடவில்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்தாயிற்று, முட்டையை யாரும் உருண்டையில் போடப் போவதில்லை, அப்புறம் ஏன் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது. செண்பகம் சுவரில் சாய்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். அந்த உருண்டையைப் பார்த்தால் தெரியாதா, கல். அதை உடைக்க அம்மிக் குழவி வேண்டும், பால் பல்லுக்கு எங்கே மசியும், நக்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பக்கத்தில் பல் பதிந்த கோடு இருந்ததே. வாயோரத்தில் பொடி இருந்ததே. இருக்கட்டும், பயறும் அரிசியும்தானே, பயறு இவளுக்கு ஆகும், கடலை போடவில்லை என்று அவள் வாயாலேயே சொன்னாள். முகர்ந்துகூடப் பார்த்தாளே செண்பகம், கவரில் போடுவதற்கு முன்னால், சுக்கு வாசனை, ஏலக்காய் வாசனை. கடலை வாசனை வரவில்லை. வந்திருந்தால் மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்குமா? கோவில்பட்டியில் கடலை மிட்டாய்ப் பட்டறையில் பிறந்தவள். வறுத்த கடலை வாசனை என்று ஊரெல்லாம் சொல்வது என்னவென்று அவளுக்குக் கல்லூரி விடுதிக்குப் போகும்வரை தெரியாது, அது வீட்டுக் காற்று. தோல் புடைக்கிற நேரத்தில் குறுக்கே போனால் தலையெல்லாம் சிவப்புத் தோல் ஒட்டும், பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே கடலைத்தோல். அப்பா சங்கரபாண்டி பாகு பதம் பார்த்த விரலை அவள் வாயில் வைப்பார். வயிற்றில் ஆதிரை இருந்தபோது வேறெதுவும் உள்ளே தங்காமல், மசக்கை முழுக்கக் கடலை மிட்டாயாகத்தான் தின்று தீர்த்தாள். அதனால்தானோ என்று டாக்டரிடம் கேட்டாள், இல்லவே இல்லை என்றார், அடுத்த தடவை போனபோதும் கேட்டாள், அதற்கடுத்த தடவை அவர் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அதனால் இல்லைம்மா என்றார். நல்ல மனுஷன். அவர் சொன்னால் மட்டும் மனது கேட்டுவிடுமா. அப்பா இப்போது சென்னைக்கு வந்தால் நேராகக் குளியலறைக்குப் போகிறார். குளித்து, அங்கேயே மடித்து வைத்திருக்கிற வேட்டி சட்டையைக் கட்டிக்கொண்டு, கூடத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிள்ளையிடம் பரிசோதனைக்குக் கொடுப்பதுபோல் விரித்து, "தொடலாமா தாயி?" என்று கேட்கிறார். ஆயிரம் பேருக்கு மிட்டாய் கொடுத்த கை. செண்பகம் சமையல்கட்டுக்குள் போய் நின்றுகொள்வாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் தான்தான் என்பதை அவளால் தாங்க முடிவதில்லை.

"அரிக்குதாடா?" "இல்லம்மா." "வயிறு?" "ஒண்ணுமில்லம்மா." நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு நாக்காகத்தான் இருந்தது. கன்னத்தில் லேசாகச் சிவப்பு, அது யாரோ பூசிய சந்தனத்தை இவள் துடைத்த இடம், இல்லை சந்தனத்துக்குக் கொஞ்சம் கீழே, ஜமக்காளத்தில் சாய்ந்திருந்தால்கூட அப்படிச் சிவக்கும். பூங்காவனம் வெற்றிலைத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தவள் நின்று பார்த்தாள். "இன்னா செம்பகம், மறுபடியுமா? என்னாத்த துன்னுச்சு?" அம்சவேணி உருண்டை என்றதும் உதட்டைப் பிதுக்கினாள். "அதுல இன்னா கீது, சத்துதான். புள்ளத்தாச்சிக்கே குடுக்கறோம்." கெட்ட மனது கிடையாது பூங்காவனத்துக்கு. ஆதிரை பிறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தான். சிக்கல் எல்லாம் வார்த்தையில். ஆதிரைக்குப் பால் ஒத்துக்காது அண்ணி என்று ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள் செண்பகம். ஒத்துக்காது என்றால் இவர்களுக்கு என்ன புரியும், கத்தரிக்காய் ஒத்துக்காதவர்கள் இல்லையா, பழைய சோறு ஒத்துக்காதவர்கள் இல்லையா, மழைத் தண்ணீர் ஒத்துக்காமல் தும்முகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஒத்துக்காததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் ஒத்துக்கொள்ளும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். அப்படி நினைத்துத்தான் போன வருஷம் பூங்காவனம் ஒரு சங்கு பால் ஊற்றப் பார்த்தாள். அப்புறம் அலர்ஜி என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கு, எனக்கும் தூசி அலர்ஜிதான் என்றார்கள். தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்க வேண்டும், கேட்டதும் கை தானாகப் பின்வாங்குகிற மாதிரி. தேடித் தேடிப் பார்த்துக் கடைசியில் ஒருநாள் பொறுக்காமல், "இவளுக்கு அது விஷம் அண்ணி, விஷம்!" என்று சொல்லிவிட்டாள். அது நன்றாகப் புரிந்தது. "நான் பெத்த புள்ள மாதிரி வச்சிருக்கேன், என் வூட்டுப் பால விஷம்னு சொல்லிட்டாளே" என்று பூங்காவனம் மூன்று மாதம் பேசவில்லை. இந்த வளைகாப்புக்குப் பத்திரிகை வைக்க வந்தபோதுதான் மறுபடி முகம் கொடுத்தாள். அதனால்தான் செண்பகமும் வந்தாள். இல்லாவிட்டால் ஏழு வகை சாதம் போடுகிற இடத்துக்கு எந்த மடைச்சியாவது இவளைக் கூட்டிக்கொண்டு வருவாளா.

"ஒண்ணும் ஆவாது, சும்மா புள்ளய நோண்டாத," என்று பூங்காவனம் நகர்ந்தாள். நோண்டாமல் இருக்கத்தான் செண்பகமும் பார்க்கிறாள். பொங்கலுக்கு நடந்தது மறந்தா போகும். பிள்ளையின் முழங்கையிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியதைப் பார்த்து அலறி அடித்து, அத்தனை பேரையும் இலையிலிருந்து எழுப்பி, இரண்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினால், அங்கிருந்த சின்ன டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கொசு என்றார். கொசு. தணிகைவேலின் மச்சான் இன்றைக்கு வரைக்கும் அவளைப் பார்த்தால் "கொசுவத்தி வாங்கி வைக்கட்டுமா?" என்கிறார். தணிகைவேல்கூட அன்று திரும்பி வரும்போது ஒன்றும் பேசாமல் வண்டி ஓட்டினான். அவன் பேசாதது மச்சான் பேசியதைவிட வலித்தது. பையில் ஊசி இருந்தது, அன்றும் இருந்தது, எப்போதும் இருக்கிறது. பேனா மாதிரி தடியாக இருக்கும், சிங்கப்பூரில் வேலை பார்க்கிற நண்பன் ஒருவன் கொண்டு வந்து கொடுத்தது. தொடையில் வைத்து அழுத்தினால் ஊசி தானாக இறங்கி மருந்து போகும். இருப்பது ஒன்றே ஒன்று. போட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கொசுக்கடிக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்டபோது டாக்டர், கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சரியாகிவிடும் என்றார். போட வேண்டிய நேரத்தில் போடாமல் போனால்? அதை அவர் சொல்லவில்லை, சந்தேகம் வந்தால் போட்டுவிடம்மா என்று மட்டும் சொன்னார். சந்தேகம். அவளுக்குச் சந்தேகம் இல்லாத நேரம் என்று ஒன்று உண்டா, தூக்கத்தில்கூடக் கை போய்ப் பிள்ளையின் மூக்கடியில் காற்றைத் தொட்டுப் பார்க்கிறது. இந்த மாதிரிப் பிள்ளைகளின் அம்மாக்கள் சேர்ந்திருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒருநாள் எழுதினாள், நல்லாத்தானே இருக்கிறான் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன் என்று. அதற்குமேல் எழுதவில்லை. குழுவை விட்டுப் போய்விட்டாள். அவள் பெயர்கூடத் தெரியாது, ஊர் தெரியாது, அவள் பிள்ளைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை.

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. சமையல்காரர்கள் கரண்டிகளைக் கோணியில் போடுகிற சத்தம். எதிரே தூணடியில் இரண்டு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருத்தியின் மடியிலும் அதே உருண்டை, புடவைத் தலைப்பில் வைத்துத் தரையில் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். "எத்தினி பேர் செஞ்சாலும் அம்சா கை வராது," என்றாள் உடைக்கிறவள். "மல்லாட்டைய நல்லா செவக்க வறுத்துடும் அது. கடைசீல வாய்ல நிக்குது பாரு வாசம்." செண்பகத்தின் காது அதைக் கேட்டது, மனது கேட்கவில்லை. மல்லாட்டை என்ற சொல் வந்து, மெதுவாக, வேறொரு மாலைப் பொழுதைத் திறந்து விட்டது. கல்யாணமான புதிது. மெரினாவில் மணலில் நடந்துகொண்டிருக்கிறார்கள். தணிகைவேல், அப்போது அவன் பேச்சில் கொஞ்சம் கூச்சம் இருந்தது, "மல்லாட்டை வாங்கட்டுமா?" என்று கேட்டான். அவள் நின்றுவிட்டாள். "என்னது?" "மல்லாட்டை." மல்லுக்கு வருகிற ஆள் பேர் மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், மணலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள், அவனும் முதலில் முறைத்துப் பிறகு தானும் சிரித்து, எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வோம், உங்க ஊர்ல என்னவாம் என்று கேட்க, எங்க ஊர்ல அதுதான் சோறே, கடலைன்னு சொல்லுவோம் என்று இவள் சொல்ல, கடலைன்னா எங்களுக்குக் கொண்டைக்கடலைதான், சுண்டல் பண்ணுவாங்களே என்று அவன் சொல்ல. பொட்டலம் சூடாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தோலை ஊதினான், அவள் முகத்தில் ஊதினான். அவ்வளவு சந்தோஷமாக இருந்த பெண் யார், அவள் எங்கே போனாள். அந்தச் சிவப்புத் தோல் காற்றில் பறந்து.

கடலை.

கடலை என்றுதானே கேட்டாள். சென்னையில் கடைக்குக் கடை, பள்ளிக்கூடத்தில், பிறந்தநாள் வீடுகளில் வேர்க்கடலை, வேர்க்கடலை என்று கேட்டுக் கேட்டு வாய்க்குப் பழகிய சொல், பதறிய நேரத்தில் மறந்து போய், பிறந்த ஊர்ச் சொல்லல்லவா வாயில் வந்தது. கடலை போட மாட்டேன் என்று அம்சவேணி சொன்னது சத்தியம். கொண்டைக்கடலை போட மாட்டாள். செண்பகம் எழுந்தாள், உட்கார்ந்தாள், பிள்ளையைப் போட்டுவிட்டு எங்கே போவது, உட்கார்ந்த இடத்திலிருந்தே "அம்சாக்கா!" என்று கூப்பிட்ட குரலில் மண்டபத்தில் நாலைந்து பேர் திரும்பினார்கள். "உருண்டைல மல்லாட்டை போட்டீங்களா?" "ஆமா, போடாம?" வாசலிலிருந்தே பதில் வந்தது, பெருமையாக. "பாதிக்குப் பாதி மல்லாட்டைதான். அதானே ருசி!" செண்பகம் ஃபோனை எடுத்தாள். "எங்க இருக்கீங்க?" "இதோ, மேம்பாலத்துக்கிட்ட, டிராபிக்கு." "கடலை தின்னுட்டா." கொசு என்று அவன் சொல்லவில்லை. "ஊசி இருக்கில்ல? வந்துட்டேன், வந்துகிட்டே இருக்கேன்," என்றான். அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். இன்னா ஆச்சு, மல்லாட்டை துன்னுச்சாம், அதுக்கா, எங்க வூட்டுப் புள்ளைங்க மல்லாட்டை துன்னுதான் வளர்ந்துச்சு, வெந்நீ குடு, வெல்லம் குடு, எலுமிச்சம்பழத்த மோந்து பாக்க சொல்லு, பாரு புள்ள நல்லாத்தான் குந்திகினு கீது. பூங்காவனம் குனிந்து ஆதிரையின் முகவாயைப் பிடித்தாள். "கண்ணு, உனுக்கு ஏதாச்சும் பண்ணுதா?" "ஒண்ணுமில்ல அத்தை." "பாத்தியா! புள்ளயே சொல்லுது."

பிள்ளையே சொல்லுகிறது. செண்பகம் பிள்ளையைப் பார்த்தாள். ஆதிரை அத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை, வளையலையும் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இமை தட்டாமல், கண்ணிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து கண்ணுக்குமாக. எச்சிலைக் கூட்டி விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். அம்மா பார்க்கிறாள் என்று தெரிந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டு சும்மா இருந்தாள். இத்தனை நாளாக இந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு புள்ளி விடாமல் படித்துக்கொண்டிருப்பது தான் மட்டும்தான் என்று நினைத்தாளே. அது அங்கிருந்து இவளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அரிக்குதா என்று கேட்கும்போது இந்த முகம் எப்படி ஆகிறது, வயிறு வலிக்குதா என்று கேட்டு அது ஆமா என்றால் இந்த முகம் என்ன ஆகும், அப்புறம் ஊர் ஓடும், வண்டி ஓடும், அம்மா ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று அழுவாள், அப்பா பேசாமல் கார் ஓட்டுவார். ஒண்ணுமில்லம்மா என்று சொன்னால் இது எதுவும் நடக்காது. அடம் பிடிக்காத பிள்ளை, தட்டை உடைக்காத பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாளே, பாவி. பிள்ளை அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதை நினைத்து அழ இப்போது நேரமில்லை. இந்த முகத்தோடு இனி எத்தனை கேட்டாலும் ஒண்ணுமில்லம்மா என்றுதான் வரும். வேறு முகம் வேண்டும்.

எங்கிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவ்வளவு பேர் தலைக்குமேல் நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்க, நெஞ்சு எலும்பை உடைத்துக்கொண்டு வெளியே வரப் பார்க்க, செண்பகம் சிரித்தாள். பல் தெரிய, கண் சுருங்க. ஆதிரையை மடியில் எதிர்முகமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, மூக்கோடு மூக்கை உரசினாள். "எனக்கு ஒரு ரகசியம் சொல்லுவியாம். என்ன சொன்னாலும் அம்மா பயப்பட மாட்டேன். அழ மாட்டேன். பாரு, சிரிச்சுக்கிட்டே இருக்கேன்." ஆதிரை நம்பவில்லை. சுட்டு விரலை நீட்டி அம்மாவின் உதட்டோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நெசமா?" "நெசமா." "அழக் கூடாது." "அழவே மாட்டேன்." பிள்ளை இன்னும் ஒருமுறை விழுங்கிவிட்டு, காதருகே வந்தது. குரல் கரகரவென்று, யாருடைய குரலோ மாதிரி வந்தது. "தொண்டைல முடி மாட்டிக்கிச்சும்மா. எடுக்க எடுக்க வருது. நெறைய முடி." "அவ்வளவுதானா? அதுக்கு மருந்து என்கிட்ட இருக்கே!" என்றாள் செண்பகம், சிரித்துக்கொண்டே.

சிரித்துக்கொண்டே பிள்ளையை ஜமக்காளத்தில் படுக்க வைத்தாள். சிரித்துக்கொண்டே பையைத் திறந்தாள். மூடியைக் கழற்றும்போதும் முகம் மாறவில்லை. "ஒரே ஒரு குத்து, எறும்பு கடிச்ச மாதிரி, முடியெல்லாம் ஓடிப் போயிரும்." பூங்காவனம் "ஏய், இன்னா பண்ற, புள்ளய இன்னாடி பண்ற!" என்று தோளைப் பிடித்து இழுத்தாள். யாரோ "சிரிக்கிறா பாரு, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்றார்கள். செண்பகம் தோளை உதறிவிட்டு, பட்டுப் பாவாடையை விலக்கி, தொடையின் வெளிப்பக்கத்தில் வைத்து அழுத்தினாள். சொடுக்கென்று ஒரு சத்தம். ஆதிரையின் உடம்பு தூக்கிப் போட்டது, வாய் அழுகைக்குத் திறந்தது, ஆனால் அழுகை பாதியில் கம்மி, இருமலாகி, ஒரு சீழ்க்கை போல இழுத்தது. அந்தச் சத்தத்தில்தான் கூட்டம் வாயை மூடியது. பூங்காவனத்தின் கை இவள் தோளிலிருந்து தானாக விழுந்தது. "ஐயோ," என்றாள், "கொயந்த மூஞ்சப் பாரு." கன்னத்துச் சிவப்பு காதுவரை ஏறியிருந்தது.

தணிகைவேல் வந்ததும், ஓடிவந்து பிள்ளையைத் தூக்கியதும், பூங்காவனம் செருப்புகூடப் போடாமல் முன்சீட்டில் ஏறி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "வயி வுடுங்கய்யா, வயி வுடுங்க!" என்று ரோட்டில் போகிறவர்களைத் திட்டிக்கொண்டே வந்ததும் செண்பகத்துக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. பின்சீட்டில் பிள்ளையை மடியில் படுக்கப் போட்டு, கால் இரண்டையும் பையின்மேல் உயர்த்தி வைத்து, மேலே குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை இறக்கினால் ஏதோ அறுந்துவிடும். கன்னம் வலித்தது. மருந்து வேலை செய்ய எவ்வளவு நேரமாகும், படித்ததுதான், மறந்துவிட்டது, எல்லாம் மறந்துவிட்டது, அந்த நெஞ்சு ஏறி இறங்குவது மட்டும்தான் உலகத்தில் மிச்சம். ஏறியது. இறங்கியது. ரயில்வே கேட் திறந்திருந்தது, புண்ணியம். ஆதிரை கண்ணை மூடி மூடித் திறந்தாள். சீழ்க்கைச் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது, என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று காதை வாயருகே கொண்டு போனாள், குறைந்துதான் இருந்தது. பிள்ளையின் கை எழுந்து, தொடையில் ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தது. வலி இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உதடு பிதுங்கியது. அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்த கண்ணில், இதுவரை செண்பகம் அங்கே பார்த்தே இராத ஒன்று வந்தது. கோபம்.

"சிரிக்காத!" என்றாள் ஆதிரை. "ஊசி குத்திட்டு ஏன் சிரிக்கிற? வலிக்குது! எறும்புன்னு பொய் சொன்ன! சிரிக்காத, சிரிக்காத!" காலை உதைத்தாள், பையைத் தள்ளிவிட்டாள், செண்பகத்தின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தணிகைவேல் கண்ணாடியில் பார்த்தான், அவன் கண் நனைந்திருந்தது. பூங்காவனம் முன்னாலிருந்து திரும்பி, "கத்தாத கண்ணு, தொண்ட நோவும்," என்றாள். கரகரப்பு போய், குரல் முழுசாக, கூர்மையாக, கார் கூரையில் முட்டித் திரும்பியது. செண்பகத்தின் முகம் அப்போதுதான் உடைந்தது, கண்ணீர் மூக்கு வழியெல்லாம் இறங்கியது, கொடுத்த வாக்கு போயிற்று, போகட்டும்.

"கத்துடி," என்றாள். "என் தாயி, இன்னும் சத்தமா கத்து."